அழைத்தவரும் பார்த்தவரும்: 2020-ஆம் ஆண்டுத் தொலைமருத்துவ நெறிமுறைகளின் ஒரு வாசிப்பும் வீட்டுச் சிகிச்சைக்கான பகிர்வுப் பதிவேடும்

இந்தியாவில் 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நடைமுறை நெறிமுறைகள், நோயாளியும் பதிவு பெற்ற மருத்துவரும் ஒரே இடத்தில் இல்லாதபோது நிகழும் ஆலோசனையை ஐந்து சூழல்களாக வகுத்துப் பேசுகின்றன: நோயாளி தாமே மருத்துவரை அணுகுவது, பராமரிப்பவர் அணுகுவது, சுகாதாரப் பணியாளர் அணுகுவது, ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவரைக் கேட்பது, அவசர நிலை. வீட்டில் படுத்த படுக்கையாக இருப்போரின் சிகிச்சைக்கு மென்பொருள் அமைப்பது குறித்த எழுத்துகளில் ஒரு போக்கு, இவற்றைத் தனித்தனிப் பாதைகளாகவே எடுத்துக்கொண்டுள்ளது. அதன்படி செவிலியர் மருத்துவரிடம் பேச ஒரு வாயிலும் வீட்டார் பேச வேறொரு வாயிலும் அமைகின்றன; வீட்டாரோ அந்த இரண்டாம் வாயிலுக்குள் நோயாளியின் பிரதிநிதி என்ற தகுதியில் மட்டுமே நுழைகிறார். இக்கட்டுரை அந்த வாசிப்பை மறுக்கிறது. நெறிமுறைகளின் சூழல்கள் ஆலோசனையைத் தொடங்கியவர் யார் என்பதைக் கொண்டு வகுக்கப்பட்டவை. நோயாளியின் உடலில் நிகழ்ந்ததைப் பார்த்தவர் யார், பார்த்ததை எங்கே எழுதினார் என்பது பற்றி அவை ஏறக்குறைய ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதைத் தடையாகப் படிப்பதற்கு மூலத்தில் ஆதாரமில்லை என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

இந்தக் கேள்வியை விழுப்புரம் மாவட்டத்தின் முகையூர் வட்டாரத்தை முன்வைத்து எழுப்புவதற்குக் காரணம் உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், தமிழ்நாட்டின் ஊரகப் பகுதிகளில் வட்டாரத்தை அலகாகக் கொண்டு இயங்குகிறது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் நீரிழிவுக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வீட்டில் கொண்டுவந்து தருகிறார். நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியர், அதாவது குணப்படுத்த முடியாத நோயிலும் வலியையும் துன்பத்தையும் குறைக்கப் பயிற்சி பெற்ற செவிலியர், புண்ணுக்குக் கட்டுப்போடவும் சிறுநீர்க் குழாயை மாற்றவும் வருகிறார். இயன்முறை சிகிச்சையாளர் வேறொரு நாளில் வருகிறார். சிறுநீரகம் செயலிழந்தோரில் வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோருக்குத் திரவப் பைகள் வீடு தேடி வருகின்றன. இவர்களுக்கு மேல் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் இருக்கிறார். அவருக்கும் மேல் முண்டியம்பாக்கத்திலுள்ள அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ நோயைக் கண்டறிந்த சிறப்பு மருத்துவர் இருக்கிறார். இத்தனை பேரும் ஒரே வீட்டு வாசலில் கால் வைத்தாலும் ஒரே நாளில் சந்திப்பது அரிது. எல்லா நாளும் அங்கே இருப்பவர் மருமகளோ மனைவியோ மகளோதான்.

திட்டம் 2024-இல் தொற்றா நோய்களுக்கான ஐக்கிய நாடுகள் அமைப்பின் முகமைகளிடைப் பணிக்குழுவின் விருதைப் பெற்றது. அதன் சென்றடைவைப் பற்றி இங்கே ஐயமில்லை. சென்றடைந்தவர்களுக்கு இடையே செய்தி எப்படி நகர்கிறது என்பதே இக்கட்டுரையின் அக்கறை.

நெறிமுறைகள் எந்த வகையான ஆவணம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை ஒழுங்குமுறைகளுக்கு இணைப்பாகச் சேர்க்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த புதிய ஒழுங்குமுறைகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டதால், பழைய இணைப்பே வழக்கில் தொடர்கிறது. ஆக, அது மருத்துவரின் நடத்தையை நெறிப்படுத்தும் ஆவணம். தன் எல்லையைச் சொல்லும் பகுதியிலேயே வன்பொருள், மென்பொருள் ஆகியவற்றின் விவரக்குறிப்புகளையும் தரவு மேலாண்மை அமைப்புகளையும் அவற்றுக்கான தரநிலைகளையும் தன் வரம்புக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. தொழில்நுட்பத் தளங்களுக்கென்று தனிப் பகுதி ஒன்று இருப்பது உண்மையே. ஆனால் அது, தளத்தில் ஆலோசனை தருபவர் உண்மையில் பதிவு பெற்ற மருத்துவர்தானா என்று உறுதிசெய்வது, செயற்கை நுண்ணறிவு தானாக ஆலோசனையோ மருந்துச் சீட்டோ தரக்கூடாது என்பது, குறைதீர்க்கும் ஏற்பாடு வேண்டும் என்பது போன்றவற்றோடு நின்றுவிடுகிறது. மென்பொருளைப் பற்றிப் பேசவில்லை என்று தானே அறிவித்துக்கொண்ட ஓர் ஆவணத்தின் உட்தலைப்புகளை எடுத்துத் திரைகளாக மாற்றுவது, மேலோட்டமாகப் பார்த்தாலும் பொருந்தாத செயல். எனினும் இதை மட்டும் கொண்டு முந்தைய வாசிப்பைத் தள்ளிவிட முடியாது. மருத்துவரைக் கட்டுப்படுத்தும் விதி, அவர் பயன்படுத்தும் கருவியையும் மறைமுகமாகக் கட்டுப்படுத்தக்கூடும் என்ற பதில் நியாயமானதே. எனவே சூழல்களின் உள்ளடக்கத்துக்குள் நுழைந்தே ஆக வேண்டும்.

ஐந்து சூழல்களையும் பிரிக்கும் கோடு எது என்பதற்கான விடை, ஒப்புதல் பற்றிய பகுதியில் கிடைக்கிறது. நோயாளி தாமே ஆலோசனையைத் தொடங்கினால் அவருடைய ஒப்புதல் அதிலேயே அடங்கியதாகக் கொள்ளப்படும். சுகாதாரப் பணியாளரோ மருத்துவரோ பராமரிப்பவரோ தொடங்கினால் நோயாளியின் வெளிப்படையான ஒப்புதல் தேவை என்று நெறிமுறைகள் வகுக்கின்றன. இங்கே பணியாளரும் பராமரிப்பவரும் ஒரே தட்டில் வைக்கப்பட்டிருப்பது கவனத்துக்குரியது. இருவருக்கும் பொதுவாக இருப்பது, நோயாளி அல்லாத ஒருவர் அழைப்பைத் தொடங்கினார் என்ற ஒரே செய்திதான். அழைப்பைத் தொடங்கியவர் மாறினால் ஒப்புதலின் வகையும் மாறுகிறது. அவசர நிலையை விட்டுவிட்டால், சூழல்களின் பகுப்பு முழுவதும் இந்த அச்சிலேயே சுழல்கிறது. ஆலோசனையின்போது அறையில் யார் யார் இருந்தார்கள், நோயின் போக்கை யார் சொன்னார்கள் என்பவை ஒரு சூழலை இன்னொன்றிலிருந்து பிரிக்க அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்படவில்லை.

பராமரிப்பவரைப் பற்றிய பகுதியை இந்த வெளிச்சத்தில் மறுபடி படிக்க வேண்டும். குடும்ப உறுப்பினர் ஒருவரோ, தம்மைப் பிரதிநிதித்துவப்படுத்த நோயாளி அதிகாரமளித்த ஒருவரோ பராமரிப்பவராக இருக்கலாம் என்று அது இரு வகையினரைக் குறிக்கிறது. பின்னர் இரு நிலைகளைப் பிரிக்கிறது. ஒன்றில் நோயாளியும் உடனிருக்கிறார். மற்றொன்றில் அவர் உடன் இல்லை. அப்போது நோயாளி 16 வயதோ அதற்குக் குறைவோ உள்ளவராகவோ, மறதிநோய், உடல் இயலாமை போன்றவற்றால் செயலற்றவராகவோ இருந்தால் பராமரிப்பவர் அதிகாரம் பெற்றவராகக் கருதப்படுவார். இல்லையேல், கையொப்பமிட்ட அதிகாரக் கடிதம், உறவை நிறுவும் ஆவணம், முன்பு அதே மருத்துவரை நோயாளி நேரில் சந்தித்திருப்பது போன்றவை கேட்கப்படுகின்றன. முந்தைய வாசிப்பு இந்த இரண்டாம் நிலையின் நிபந்தனைகளைப் பராமரிப்பவரின் இலக்கணமாகவே ஆக்கிவிட்டது. அதனால்தான் பல வடிவமைப்புகளில் பராமரிப்பவரின் கணக்கு என்பது நோயாளியின் கணக்கை இன்னொருவர் திறக்கும் சாவியாக மட்டும் இருக்கிறது. அவர் எழுதுவதெல்லாம் நோயாளி எழுதியதாகவே பதிவாகிறது. முதல் நிலையை அப்படியே நிறுத்திப் படித்தால் வேறொரு சித்திரம் எழுகிறது. நோயாளி உடனிருக்கும்போது பராமரிப்பவரிடம் எந்த அதிகாரப் பத்திரமும் கேட்கப்படவில்லை. அவர் யாருக்காகவும் பேச வேண்டியதில்லை. தாம் அறிந்ததைத் தம் பெயரில் சொல்லலாம். வீட்டுச் சிகிச்சையில் நோயாளி ஏறக்குறைய எப்போதும் உடனிருப்பவர் என்பதால், அங்கே இந்த நிலையே பொதுவானதும் மற்றது விதிவிலக்கும் ஆகும்.

சுகாதாரப் பணியாளர் பற்றிய பகுதியும் இதற்குத் துணை செய்கிறது. செவிலியர், துணை மருத்துவப் பணியாளர், இடைநிலைச் சுகாதாரப் பணியாளர், துணைச் செவிலியர், உரிய அதிகாரியால் அமர்த்தப்பட்ட வேறு எவரும் இதில் அடங்குவர். துணை சுகாதார நிலையத்தோடு வீட்டு வருகைகளும் இதன் வரம்பில் சேர்க்கப்பட்டுள்ளன. நோயாளியின் குறையையும் சூழலையும் பற்றிப் பணியாளர் ஒரு நியாயமான கருத்துக்கு வந்து, மருத்துவரைக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்திருப்பதே இந்த ஆலோசனைக்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. அந்தக் கருத்துக்கு அவர் எதைக்கொண்டு வருகிறார்? குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு வீட்டுக்கு ஒருமுறை வரும் செவிலியர், இடைப்பட்ட நாட்களில் காய்ச்சல் வந்து போனதா, சாப்பாடு குறைந்ததா, இரவில் எத்தனை முறை திருப்பிப் படுக்கவைத்தார்கள் என்பவற்றை வீட்டாரைக் கேட்டே அறிகிறார். அப்படியிருக்க, செவிலியர் கைபேசியில் மருத்துவரை அழைக்கும் அந்தக் கணத்தில், கட்டிலருகே நோயாளியும் மருமகளும் இருக்கும்போது, இது எந்தச் சூழல்? இரண்டும் என்று நெறிமுறைகள் சொல்லவில்லை; ஒன்றுதான் என்றும் சொல்லவில்லை. ஐந்து பாதைகளாக அமைந்த மென்பொருளில் செவிலியர் தம் வாயிலைத் திறக்கிறார். மருமகள் சொன்னவை செவிலியரின் சொற்களாகச் சுருங்கிப் பதிவாகின்றன. எது நேரில் பார்த்தது, எது கேட்டறிந்தது என்ற வேறுபாடு மருத்துவரின் கண்ணுக்குப் புலப்படாமல் போகிறது.

மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் இவ்விரு பகுதிகளில் எதில் அடங்குவார் என்ற கேள்வியும் எழுப்பப்படலாம். உரிய அதிகாரியால் அமர்த்தப்பட்டவர் என்ற சொற்றொடரே அதற்குப் போதுமான விடையைத் தருவதால் இங்கு அதை நீட்ட வேண்டியதில்லை.

பதிவேடுகளைப் பராமரிக்கும் கடமை பற்றி நெறிமுறைகள் சொல்வது இவ்வாதத்தின் மையமான சான்று. ஆலோசனையின் பதிவு, அதில் பயன்பட்ட அறிக்கைகள், படங்கள், எழுதித் தந்த மருந்துச் சீட்டின் நகல் ஆகிய எல்லாவற்றையும் காத்துவைக்கும் பொறுப்பு மருத்துவர் மீது மட்டுமே சுமத்தப்பட்டுள்ளது. முந்தைய போக்கு இதிலிருந்து, பதிவேடு மருத்துவருடையது, மற்றவர்கள் அதற்குச் செய்தி ஊட்டுபவர்கள் என்ற முடிவுக்கு வந்தது. ஒருவர் மீது கடமை சுமத்தப்பட்டது என்பதிலிருந்து பிறருக்கு எழுதும் உரிமை இல்லை என்ற முடிவு பிறக்காது. மருத்துவர் காக்க வேண்டிய பதிவுக்கு வெளியே, வீட்டில் நிகழ்ந்ததை வீட்டாரும் செவிலியரும் எழுதிவைக்கும் ஒரு பொதுப் பதிவேடு இருப்பதை இந்த ஆவணத்தின் எந்த வரியும் விலக்கவில்லை. கட்டுரையின் கருத்தில், அப்படியொரு பதிவேடு இருந்தால்தான் மருத்துவர் தம் கடமையையே சரிவரச் செய்ய முடியும். ஏனெனில் ஆலோசனைக்கு அடிப்படையான தகவலின் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது.

இதை இரண்டு நோய்நிலைகளைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம். வயிற்றுவழி டயாலிசிஸ் என்பது வயிற்றறைக்குள் நிலையாகப் பொருத்திய மெல்லிய குழாய் வழியே, பெரும்பாலும் 2 லிட்டர் அளவுள்ள திரவத்தைச் செலுத்தி, சில மணி நேரம் உள்ளே நிறுத்தி, இரத்தத்தின் கழிவுகள் அதில் கலந்த பின் வடித்தெடுக்கும் முறை. நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை இதைச் செய்ய வேண்டும். கையைக் கழுவி, முகக்கவசம் அணிந்து, பையை இணைத்துப் பிரிக்கும் இந்த வேலையை வீட்டில் செய்பவர் நோயாளியோ பராமரிப்பவரோதான். வயிற்று உறையில் கிருமித் தொற்று ஏற்பட்டால் முதல் அடையாளம் வடித்தெடுத்த திரவம் கலங்கித் தெரிவது. ஆய்வகத்தில் ஒரு மைக்ரோலிட்டரில் 100-க்கு மேல் வெள்ளணுக்கள் என்ற எண்ணால் உறுதிசெய்யப்படுவதற்கு முன்பே அது கண்ணுக்குத் தெரிந்துவிடும். சிகிச்சையை அன்றே தொடங்க வேண்டிய நிலை அது. முகையூரைச் சுற்றிய ஒரு சிற்றூரில் விடிகாலை வடித்த பை கலங்கியிருப்பதைப் பார்க்கும் ஒரே மனிதர் அந்த வீட்டுப் பெண். அவருக்குப் பதிவேட்டில் எழுத இடமில்லை என்றால், நோயாளியின் கணக்குக்குள் மகனுடைய எண்ணுக்கு வரும் ஓடிபி கொண்டு நுழைந்தால்தான் எழுத முடியும் என்றால், அந்த மகன் கட்டட வேலைக்குப் பெங்களூருவில் இருந்தால், மூலத்தில் இல்லாத ஒரு தடையை மென்பொருள் தானே உருவாக்கிவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

மற்றது புற்றுநோய் வலி. நெறிமுறைகளின் தடை செய்யப்பட்ட பட்டியலில், 1985-ஆம் ஆண்டின் போதைமருந்துச் சட்டத்துக்கு உட்பட்ட மார்பின் போன்ற வலிநீக்கிகள் வருகின்றன. அவற்றைத் தொலைவழியே எழுதித்தரக் கூடாது. அச்சட்டத்துக்கு 2014-இல் வந்த திருத்தம், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்களின் வழியே மார்பின் கிடைப்பதை எளிதாக்கியது என்றாலும் மருந்துச் சீட்டு நேரில்தான் பெறப்பட வேண்டும். ஆகவே வலி மருந்தைப் பொறுத்தவரை வீட்டிலிருந்து ஆலோசனை என்ற கேள்வியே எழவில்லை, மென்பொருளுக்கு அங்கே வேலையில்லை என்று ஒரு வாதம் வைக்கப்படுகிறது. இது பொருளைத் தலைகீழாகப் பார்ப்பது. வாய்வழி மார்பின் வழக்கமாக நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தரப்படுகிறது. இடையே வலி திடீரெனக் கிளம்பினால் கூடுதலாக ஒரு வேளை தரச் சொல்லியிருப்பார்கள். அடுத்த முறை மருத்துவர் அளவை மாற்றும்போது அவருக்குத் தேவைப்படும் முதல் தகவல், கடந்த 24 மணி நேரத்தில் அப்படிக் கூடுதலாக எத்தனை முறை தரப்பட்டது என்பதுதான். அதைக் கொண்டே புதிய அளவு கணிக்கப்படுகிறது. மலச்சிக்கலுக்கான மருந்து தவறாமல் தரப்பட்டதா என்பது அடுத்தது. இரண்டையும் அறிந்தவர் நள்ளிரவில் எழுந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தவர். பேச்சின் வழி அடைக்கப்பட்ட இடத்திலேயே எழுத்தின் தேவை மிகுதியாகிறது. ஆலோசனை நேரில் நடந்தாலும் அந்த எழுத்து மருத்துவரின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும்.

வீட்டாரின் இந்த வேலையை வேலை என்று அடையாளம் கண்டு எழுதியதில் ஜூலியட் கார்பின், அன்செல்ம் ஸ்ட்ராஸ் இருவரும் 1988-இல் வெளியிட்ட நூலுக்கு முன்னோடித் தகுதி உண்டு. நீடித்த நோயை வீட்டில் சமாளிப்பது மருத்துவமனைப் பணியைப் போலவே திட்டமிடலும் ஒருங்கிணைப்பும் கோருவது என்பதை அவர்கள் விரிவாக நிறுவினர். அதே ஆண்டில் ஜோனதன் குருடின், பலர் சேர்ந்து பயன்படுத்தும் மென்பொருள்கள் தோற்பதற்கு ஒரு முக்கியக் காரணமாக, கூடுதல் வேலை செய்பவர் ஒருவராகவும் அதன் பயனைப் பெறுபவர் வேறொருவராகவும் இருப்பதைச் சுட்டினார். தமிழ்நாட்டில் இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் தொடர்ந்து கண்காணிக்க 2008 முதல் நடைமுறையிலிருக்கும் பிக்மி மென்பொருளில் தகவல்களை ஏற்றும் சுமை கிராம சுகாதாரச் செவிலியர் மீது விழுந்தது. அச்சுமை அவர்களது சங்கங்களின் கோரிக்கைகளில் ஒன்றாகவே எழுப்பப்பட்டு வந்துள்ளது. தாளில் எழுதிய பதிவேடும் நீங்காமல் திரையும் வந்து சேர்ந்ததுதான் அங்கு நிகழ்ந்தது. பராமரிப்பவரையும் எழுதச் சொல்லும்போது அதே தவறு இன்னொரு பெண்ணின் தோளுக்கு மாறிவிடும் அபாயம் இருக்கிறது. இதை மறைக்க வேண்டியதில்லை. எழுதியவருக்குப் பதில் வந்தால் மட்டுமே எழுதுவது நிலைக்கும். 1980-களில் ஓஸ்லோவில் செவிலியரோடு சேர்ந்து நடத்தப்பட்ட புளோரன்ஸ் திட்டம், பெரிய மருத்துவமனை அமைப்பு எதையும் கட்டாமல், செவிலியர் தம் பணி நேரத்தில் கையில் வைத்துக்கொள்ளும் வேலைத்தாளைத் தொகுத்துத் தரும் சிறிய கருவியில் வந்து நின்றதும் இதே உணர்விலிருந்துதான்.

இந்த வாசிப்பிலிருந்து பெறப்படும் வடிவம் எளியது. நோயாளி ஒருவருக்குப் பதிவேடு ஒன்று. அதில் வாயில்கள் பலவாகப் பிரியாமல், ஒவ்வொரு குறிப்பும் எழுதியவரின் பெயரும் தகுதியும் தாங்கி நிற்கும். குறிப்பு பார்த்ததா, கேட்டதா, செய்ததா, செய்யச் சொன்னதா என்ற நான்கில் ஒன்றாக அடையாளமிடப்படும். மருத்துவர் செய்யச் சொன்னவை ஒவ்வொன்றும் செய்ய வேண்டியவர் யார் என்பதையும் எந்த நாள் வரை செல்லும் என்பதையும் சேர்த்தே எழுதப்பட வேண்டும். கட்டை நாளைக்கு மாற்றுங்கள் என்ற வாக்கியத்தில் மாற்றுபவர் செவிலியரா வீட்டாரா என்பது இல்லாமையால் புண் அழுகிப்போவது நோய் ஆதரவு சிகிச்சையில் புதிய செய்தியன்று. பராமரிப்பவர் ஒருவரே என்று கொள்வதும் தவறு. காலையில் மருமகளும், அவர் நூறுநாள் வேலைக்குப் போயிருக்கும் பகலில் பள்ளி விட்டு வரும் பேத்தியும் பார்த்துக்கொள்ளும் வீட்டில் இருவருக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும். எழுத இயலாதவர் குரலில் பேசிப் பதியலாம். கலங்கிய பையையோ படுக்கைப் புண்ணையோ படமெடுத்துச் சேர்க்கலாம். கட்டிலருகே தொங்கும் நோட்டுப் புத்தகம் நீக்கப்பட வேண்டியதில்லை. செவிலியர் வரும் நாளில் அதன் பக்கத்தைப் படமெடுத்து, எழுதியவர் பெயரிலேயே சேர்த்துவிட்டால் போதும். இணைப்பு இல்லாத நேரத்திலும் பதிவேடு வேலை செய்தாக வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின்போது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியதும், சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வீதம் திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் பாய்ந்து கரையோர ஊர்களைத் துண்டித்ததும் இம்மாவட்டத்தார் மறக்கக்கூடியவை அல்ல. அந்த நாட்களில் வீட்டில் இருந்தவர் மட்டுமே நோயாளிக்கு மருத்துவமும் செவிலியமும் ஆனார், அந்நாட்களின் குறிப்பே பின்னர் மருத்துவருக்கு மிகவும் தேவைப்படுவது.

பராமரிப்பவர் எழுதுவது நம்பத்தக்கதன்று என்ற மறுப்பு இங்கே நெடுநேரம் நிற்கவில்லை. அதே மனிதர் வாய்மொழியாகச் சொல்வதை வைத்து மருத்துவர்கள் நாள்தோறும் முடிவெடுக்கிறார்கள், எழுதும்போது மட்டும் அது தரம் குறைந்துவிடாது. மிகக் கடுமையான மறுப்பு வேறொன்று. குடும்பம் நோயாளியிடமிருந்து நோயின் பெயரை மறைப்பது இந்நாட்டு நோய் ஆதரவு சிகிச்சையில் நாள்தோறும் எதிர்ப்படும் நிலை. தாய்க்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் மனம் உடைந்துவிடுவார் என்று மகன் மருத்துவரிடம் மன்றாடுகிறார்; தாய்க்கோ ஏற்கெனவே தெரியும், மகனிடம் காட்டிக்கொள்ளவில்லை. எல்லாரும் எழுதி எல்லாரும் படிக்கும் பதிவேடு இந்த நுட்பமான சமன்பாட்டைக் கலைத்துவிடும். பேத்தி உரக்கப் படிக்கும் ஒரு வரியில் அது கலைந்துபோகலாம். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு: நோயாளி தம் வலியைப் பற்றியோ, கவனிக்கப்படாததைப் பற்றியோ செவிலியரிடம் சொல்வதைக் கவனிப்பவரே படித்துவிடக்கூடும். இவற்றைத் தொழில்நுட்பத்தால் முழுமையாகத் தீர்க்கலாம் என்று சொல்வது கவனமற்ற பேச்சாகும். ஆனால் நெறிமுறைகளே ஒரு திசையைக் காட்டுகின்றன: வேறொருவர் தொடங்கும்போது வெளிப்படையான ஒப்புதல் நோயாளியிடம்தான் கேட்கப்பட வேண்டும். அதே கொள்கை பதிவேட்டைப் பகிர்வதற்கும் நீள வேண்டும். யாருக்கு எந்தப் பகுதி தெரியலாம் என்பதை நோயாளியைத் தனியே வைத்துச் செவிலியர் கேட்டுப் பதிய வேண்டும், அதைக் காலந்தோறும் மறுபடி கேட்க வேண்டும், செவிலியரிடம் மட்டும் சொன்னது என்ற பகுதியும் அதில் இருந்தாக வேண்டும். பராமரிப்பவரைப் பிரதிநிதியாக்கிய வடிவமைப்பில் இது இயலவே இயலாது. அங்கே நோயாளியின் கணக்கே அவர் கையில் இருக்கிறது. பிரதிநிதித்துவத்தைப் பாதுகாப்பாகக் கருதுவோர் இந்தப் பின்விளைவைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

எஞ்சுவது பொறுப்பு பற்றிய கேள்வி. இரவு இரண்டு மணிக்குப் பராமரிப்பவர் எழுதிய குறிப்பைக் காலை வரை யாரும் பார்க்கவில்லை என்றால் யார் பொறுப்பு? எழுத இடம் கொடுத்ததே யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நம்பிக்கையை விதைக்கிறது என்ற எச்சரிக்கை உண்மையானது, இதை எளிதில் கடந்துவிட முடியாது. குறிப்பு எழுதப்பட்ட நொடியிலிருந்து அதை யார் பார்த்தார், எப்போது பார்த்தார், இன்னும் பார்க்கவில்லையா என்பது எழுதியவருக்கே தெரிய வேண்டும். பார்க்கப்படாத நேரத்தில் மூச்சுத்திணறல், நினைவு தடுமாற்றம், நிற்காத இரத்தப்போக்கு, கலங்கிய பை போன்ற சில சொற்கள் பதிவானால், காத்திருக்காமல் 108-ஐ அழைக்கவோ மருத்துவமனைக்குப் புறப்படவோ பதிவேடு அங்கேயே சொல்ல வேண்டும். ஆனால் பார்க்கும் நேரத்தை மென்பொருள் தீர்மானிக்க இயலாது. நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியர் வேறொரு ஊரில் இருக்கும் நாளில், ஞாயிற்றுக்கிழமையில், பொங்கல் விடுமுறையில், வட்டாரத்தின் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் யார் இந்தக் குறிப்புகளைத் திறந்து பார்ப்பார் என்பது வட்டார மருத்துவ அலுவலர் கையெழுத்திட்டு வெளியிட வேண்டிய பணிப்பட்டியல். முகையூரில் இப்படியொரு பதிவேட்டைச் சோதித்துப் பார்க்க எவரேனும் முன்வந்தால், திரைகளை வரையும் முன் அந்தப் பட்டியலையும் அதைச் செய்பவருக்கான நேரத்தையும் ஊதியத்தையும் மாவட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் பெற்றாக வேண்டும். அது கிடைக்காத நேரங்களை, இந்நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை என்று பராமரிப்பவரின் கைபேசியில் தெளிவான தமிழில் காட்ட வேண்டும்.